மஞ்சள் பையில் நாற்பது சீட்டு

என் கையெழுத்தை முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. எந்த இடத்தில் 'ர', எந்த இடத்தில் 'ற' என்று இன்றைக்கும் தடுமாறுகிறேன். பிழைகளைத் திருத்தித் தட்டச்சு செய்துகொள்கிறேன் என்று மூன்றாம் மாடித் தம்பி சொல்லியிருக்கிறார். எழுதச் சொன்னவரும் அவர்தான். போன மழைக்காலத்திலேயே கேட்டார். எழுத உட்கார்ந்தால் தூக்கம் வந்துவிடும். அதனால் இவ்வளவு தாமதம்.

ஐயப்பன்தாங்கலில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் நான் இரவுக் காவலாளி. தம்பி அங்கே வாடகைக்கு இருக்கிறார். திருநெல்வேலிப் பக்கம். கம்ப்யூட்டர் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் நண்பர்களும் ஒருவகைச் சீட்டு ஆடுவார்கள். நம்முடைய ரம்மிச் சீட்டு இல்லை. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு படம் இருக்கும்: டிராகன், சூனியக்காரி, பாம்பு, பூதம். படத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் எழுத்து, மூலையில் எண்கள். அவரவர் தமக்குப் பிடித்த சீட்டுகளைச் சேர்த்து ஒரு கட்டு தயார் செய்துகொண்டு வந்து மோதவேண்டும். ஒருநாள் ஓர் அட்டைப்பெட்டியைக் காவல் அறையில் வைத்து, "மிச்சமான சீட்டுண்ணே. எதுக்கும் ஆகாது. பழைய பேப்பரோட போட்டுருங்க" என்றார். படங்கள் நன்றாக இருந்ததால் போட மனம் வரவில்லை.

அந்தப் பெட்டி எதற்கு உதவியது என்று சொல்ல, என் தங்கை வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லவேண்டும். அவரை நான் மாப்ளே என்றுதான் கூப்பிடுவேன். நூம்பலில் எனக்கு அடுத்த தெருவில் இருக்கிறார்கள். ஆட்டோ ஓட்டியவர். சர்க்கரை நோயில் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. செவ்வாயும் வெள்ளியும் பூந்தமல்லியில் ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்தம் செய்ய நான்கு மணி நேரம் படுக்கவேண்டும். தங்கை அம்பத்தூரில் துணி தைக்கும் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். லீவு கிடைக்காது. அதனால் இரவு வேலை முடிந்து, முகம் கழுவிக்கொண்டு, நான்தான் அவரைக் கூட்டிப் போவேன்.

நாலு மணி நேரம். அவர் கையில் இரண்டு ஊசி. அந்தக் கையை மடக்கக் கூடாது. நான் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து தூங்கி விழுவேன். அவர் மேலே சுழலும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கும் பேச வராது. ஆடி மாதம் தொடங்கி அவர் சொல்ல ஆரம்பித்தார்: "போதும் மச்சான். அடுத்த வாரம் வரல. எத்தினி நாளு இப்டி வந்துகினு போயினு கீறது?" இரண்டு முறை சேர்ந்தாற்போல் வராவிட்டால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் என்று டாக்டர் என்னிடம் சொல்லியிருந்தார். அதை அவரிடமும் சொன்னேன். "தெரியும்" என்றார்.

அவருக்கு உலகத்தில் பிடித்த ஒரே விஷயம் ரம்மி. ஆட்டோ ஸ்டாண்டில் அவர் கலைக்கும் அழகைப் பார்க்கவே ஆட்கள் நிற்பார்களாம். தங்கைதான் கோயிலில் சத்தியம் வாங்கி நிறுத்தினாள். வேறு வழி தெரியாமல் ஒரு வெள்ளிக்கிழமை ஒரு சீட்டுக்கட்டை மடியில் கட்டிக்கொண்டு போனேன். இரண்டு ஆட்டம்கூட முடியவில்லை, நர்ஸம்மா வந்துவிட்டார்.

"இன்னாங்கண்ணா இது? ஆஸ்பத்திரியா, கிளப்பா? ஒழுங்கா உள்ள வையுங்க. பெரிய டாக்டர் பாத்தா என்னத்தான் கேப்பாரு."

அக்கம்பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். காது சுட்டது. மாப்ளே மட்டும் வெகு நாளைக்குப் பிறகு லேசாகச் சிரித்தார். "மாட்னியா மச்சான்?"

அந்தச் சிரிப்புக்காகத்தான் பெட்டியைத் திறந்தேன். படச்சீட்டு என்றால் பிள்ளைகள் விளையாட்டு என்று விட்டுவிடுவார்கள் என்று தோன்றியது. தம்பியிடம் கேட்டால் என்ன நினைப்பாரோ என்று ஒரு வாரம் கேட்கவில்லை. பிறகு அவர் பைக்கை நிறுத்தும்போது மெதுவாகக் கேட்டேன். அவருக்கு ஒரே சந்தோஷம். அங்கேயே, பைக் சீட்டின்மேல் சீட்டைப் பரப்பிச் சொல்லிக் கொடுத்தார். மேல் மூலை எண் அந்தச் சீட்டை இறக்க ஆகும் செலவு. கீழே இருப்பவை அடிக்கும் பலமும் தாங்கும் பலமும். ஆளுக்கு இருபது உயிர். எதிராளியின் இருபதையும் முதலில் தீர்ப்பவர் ஜெயித்தவர்.

"நல்ல கட்டு சேர்க்கணும்னா ரொம்பச் செலவாகும்ணே. ஒரு சீட்டே உங்க சம்பளத்தைத் தின்னுரும். ஆனா ஜாலிக்கு ஆடுற கட்டு இந்தப் பெட்டியிலேயே தேறும். நாற்பது நாற்பதா ரெண்டு கட்டு எடுங்க."

மறுநாள் விடிந்ததும் பால்காரர்களும் பேப்பர்காரர்களும் போன பிறகு காவல் அறை மேசையில் பரப்பி வைத்துத் தேர்ந்தெடுத்தேன். ஆங்கிலம் எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும். அர்த்தம் தெரியாது. அதனால் படத்துக்குக் கீழே ஒன்றுமே எழுதாத சீட்டுகளாகப் பொறுக்கினேன். தவளை, நத்தை, காளான், ஒரு கிழட்டு ஆடு, விளக்குமாறு பிடித்த ஒரு பொம்பளை. எண் மட்டும்தான். அடித்தால் அடிக்கும், அடிபட்டால் சாகும். ஒரு சூதுவாதும் இல்லை.

தம்பி பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார். "எழுத்து இருந்தாத்தாண்ணே சீட்டுக்குச் சக்தி. நீங்க சக்தியே இல்லாததா பாத்துப் பாத்து எடுத்திருக்கீங்க."

எனக்கு வெட்கமாகிவிட்டது. திரும்ப அள்ளப் போனேன். அவர் தடுத்தார். "இருங்க, இருங்க. ரெண்டு கட்டுமே சப்பைன்னா ஆட்டம் சரிசமமாத்தான் போகும்." பிறகு குறும்புக்கு என்று ஒவ்வொரு கட்டிலும் ஒரு சூனியக்காரியைச் சேர்த்தார். அவள் வந்தால் இருவரும் கையில் இருக்கும் சீட்டுகளை மாற்றிக்கொள்ளவேண்டும். எனக்கு அடையாளம் தெரிவதற்காக மூலையில் சிவப்பு மையால் ஒரு பொட்டும் வைத்தார்.

அடுத்து நான் செய்த காரியத்தை நினைத்தால் தம்பி இன்றைக்கும் சிரிக்கிறார். ஆஸ்பத்திரியில் எதையும் மருந்துத் தண்ணீர் தொட்டுத் துடைப்பார்கள். சீட்டு ஊறிவிடுமே என்று கவலைப்பட்டேன். எங்கள் வீட்டில் ரேஷன் கார்டிலிருந்து சாமி படம்வரை முக்கியமானது எல்லாம் லேமினேஷன் செய்து வைப்பது வழக்கம். வேலப்பன்சாவடி ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துக்கொண்டு போய், இரண்டு கட்டையும் தாள்தாளாக ஒட்டி லேமினேஷன் செய்து, வெட்டிக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு சீட்டும் தகடு மாதிரி ஆகிவிட்டது. நாற்பதையும் அடுக்கினால் செங்கல் உயரம். கலைக்கவே முடியாது.

மாப்ளே அதைப் பார்த்த பார்வை! எதைக் கொடுத்தாலும் அருவி மாதிரி கலைக்கிற மனிதர்.

"இன்னா மச்சான், சீட்டா இது, டைல்ஸா? பாத்ரூம்ல பதிக்கவா?"

"தண்ணி படாதுன்னு..."

"தண்ணி படாது. கையும் படாது. ஒத்தக் கைல இத எப்டி நைனா கலைக்கிறது?"

என்னிடம் கல்யாண வீட்டு மஞ்சள் பை இரண்டு இருந்தது. ஆளுக்கு ஒரு பையில் நாற்பதையும் போட்டுக் குலுக்கினோம். கையை விட்டு எடுத்தால் வந்ததுதான் சீட்டு. ஒரு கையால் ஆடுகிறவருக்கு அதுவே வசதியாகப் போயிற்று. டிவி வந்த பெட்டியிலிருந்த தெர்மாகோல் பலகையில் கத்தியால் கோடு கீறி எடுத்து வந்தேன். விறைப்பான சீட்டு அதில் தானாக நின்றது. எதிரும் புதிருமாக என் தவளைகளும் அவர் நத்தைகளும். நேர் எதிரே நிற்பதைத்தான் அடிக்கலாம்.

நர்ஸம்மா வந்து இடுப்பில் கைவைத்து நின்றார். "மறுபடியுமா?"

"இதுல ராஜாவும் இல்ல, ராணியும் இல்ல நர்ஸம்மா," என்றார் மாப்ளே. "தவளதான் கீது. தவள வச்சி எவனாவது சூதாடுவானா?"

நர்ஸம்மா அடுத்த கட்டிலுக்குப் போனார். திரும்பி வரும்போது யார் ஜெயிக்கிறார்கள் என்று கேட்டார்.

நான் இயல்பிலேயே மெதுவானவன். தூக்கம் வேறு. ஒரு சீட்டு இறக்க எனக்கு வெகுநேரம் ஆகும். நேரம் முடிந்து ரத்தம் சுத்தம் செய்யும் இயந்திரம் கூவி, ஊசி எடுக்கும்போதும் ஆட்டம் பாதியில்தான் நிற்கும். கையிலிருக்கும் சீட்டுகளை ரப்பர் பேண்டு போட்டு, தெர்மாகோலை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் திரும்புவோம். மாப்ளே வரும்போதெல்லாம் குளிரில் நடுங்கி, என் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவார். அடுத்த முறை விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம். "நீ வோணும்னே இழுக்குற" என்று திட்டுவார். வேண்டுமென்று இல்லை. ஆனாலும் மறுத்துச் சொல்லவில்லை. போதும் என்ற பேச்சு கொஞ்ச காலம் நின்றிருந்தது.

போன வெள்ளிக்கிழமை அவருக்கு ரத்த அழுத்தம் இறங்கி, கால் நரம்பு இழுத்து, வாந்தியும் வந்துவிட்டது. திரும்பும் வழியில் கண்ணே திறக்கவில்லை. நூம்பல் திருப்பத்தில் ஷேர் ஆட்டோ பள்ளத்தில் இறங்கியது. சீட்டு எல்லாம் சரிந்தது. அவரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் தடவிப் பொறுக்கி, ஞாபகத்தில் இருந்தபடி நிறுத்தி வைத்தேன்.

நேற்று, செவ்வாய்க்கிழமை காலை, அவர் வீட்டுக்குப் போனேன். தங்கை வாசலிலேயே நின்றிருந்தாள். வேலைக்குப் போகவில்லை. கண் வீங்கியிருந்தது.

"வரமாட்டேன்றாருண்ணா. ராத்திரிலேர்ந்து சொல்லினே கீறாரு. நீ சொல்லு."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். கால் வீங்கியிருந்தது. "என்ன உட்ரு மச்சான்" என்றார். திரும்பவில்லை.

இரவு முழுக்க நின்ற கால் வலித்தது. உண்மையைச் சொன்னால், அந்த நிமிஷம் எனக்கும் அவர் பக்கத்தில் படுத்துக்கொள்ளலாம் போலிருந்தது. தெர்மாகோலைக் கட்டிலின்மேல் வைத்துவிட்டுக் கீழே உட்கார்ந்தேன். தங்கை அடுப்படியில் பாத்திரத்தை வைக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

கொஞ்ச நேரம் கழித்துக் கட்டில் அசைந்தது.

"மச்சான்."

"சொல்லு மாப்ளே."

"இந்தத் தவள இங்க இல்லியே."

"அங்கதான் இருந்தது."

"எங்க இருந்துச்சு? என் நத்தைக்கு நேரா இருந்துச்சு. இப்ப என் கெழட்டு ஆட்டுக்கு நேரா கீது. மாத்தி வச்சிகினியா?"

"ஆட்டோ குலுங்கிச்சுப்பா. விழுந்துடுச்சு. நான்தான் எடுத்து வச்சேன்."

"நா தூங்கறப்பவா?" எழுந்து உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது. "ஊரே இவன அப்பாவின்னுது. தவளய மாத்தி வைக்கிறான் பாரு! அடுத்த அடில என் நத்த அத்த தூக்கியிருக்கும். அதுக்குத்தான?"

"சாமி சத்தியமா இல்ல மாப்ளே."

"சத்தியம்லாம் வேணாம். ஊசி எடுக்கசொல்ல அந்த நர்ஸம்மாதான் பலகைய நகத்தி வச்சாங்க. அவங்க பாத்துகினுதான் கீறாங்க. வா, கேப்போம்."

தங்கை அடுப்படி வாசலில் அசையாமல் நின்றாள். அவர் சட்டைக்குக் கை நீட்டினார். நான் எடுத்துக் கொடுத்தேன்.

நர்ஸம்மா ஊசி போடுவதற்கு முன்னால் வழக்கு அவரிடம் போனது. அவர் பலகையைச் சாய்த்துப் பார்த்தார். "தவளை நத்தைக்கு நேராத்தான் இருந்துச்சு. என் கை பட்டுச் சாஞ்சுச்சே, நான்தான நிமித்தி வச்சேன்."

"கேட்டியா?" என்று பக்கத்துக் கட்டில்கள் எல்லாவற்றுக்கும் கேட்கும்படி சொன்னார் மாப்ளே. "கேட்டியா, திருட்டு மச்சான்!"

தவளையை நகர்த்தி வைத்தேன். அவர் நத்தை அதைக் கொன்றது. அதற்கு மேல் அவருக்குத் தெம்பு இல்லை. கையில் சீட்டை வைத்துக்கொண்டே தூங்கிவிட்டார். நானும் ஸ்டூலில் தூங்கிவிட்டேன்.

நேரம் முடிந்ததும் நர்ஸம்மா ஊசி எடுத்த இடத்தில் பஞ்சை வைத்து வெள்ளை டேப் ஒட்டினார். அதே டேப்பை நீளமாகக் கிழித்து, தெர்மாகோலில் நின்ற சீட்டுகளின் தலைக்கு மேலாக, வரிசை வரிசையாக ஒட்டிக் கொடுத்தார். இனிமேல் பள்ளத்தில் விழுந்தாலும் அசையாது.

ஷேர் ஆட்டோவில் மாப்ளே நடுங்கிக்கொண்டே வந்தார். தெரு முனையில் தங்கை காத்திருந்தாள். இறங்கும்போது ஒரு கையால் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, என் மடியில் இருந்த பலகையை இன்னொரு முறை பார்த்தார்.

"அந்த டேப்ப ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள பிரிச்ச, அவ்ளோதான் நீ."

பலகை இப்போது காவல் அறை மேசையில், நான் எழுதும் தாளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. டேப்பைத் தொடவில்லை.

பங்குனி மாதம் ஒன்பதாம் தேதி, புதன்கிழமை.