கண்ணாடி மேல் விழுந்த அரிசி

மகளைப் பார்க்க ஆம்ஸ்டர்டாம் போயிருந்தபோது, அவள் வீட்டுக்குக் கீழே இருந்த ஓட்டலில் பாத்திரம் கழுவுகிற ஒருவரோடு பழக்கமானது. நான் செங்கல்பட்டு, அவர் சதுரங்கப்பட்டினம். ஒல்லியான ஆள். எந்நேரமும் தண்ணீரில் கிடந்து வெளுத்துப்போன விரல்கள். நிமிஷத்துக்கொரு தரம் போனை எடுத்துச் சட்டையில் துடைப்பார்.

ஒருநாள் வந்தார். ஊரில் அவருடைய அம்மா இறந்து அன்று மூன்றாம் நாள். பாஸ்போர்ட்டை விசா புதுப்பிக்கக் கொடுத்திருந்ததால் ஊருக்குப் போக வழியில்லை. அறையில் தனியாக இருக்க முடியாமல் என்னை நடக்கக் கூப்பிட்டார். கால்வாய் ஓரமாக, முந்நூறு வருஷத்து வீடுகளைத் தாண்டி நடந்தோம். “எங்க ஊர் கோட்டைய கட்டுனது இந்த டச்சுக்காரங்கதான்” என்று ஒருமுறை சொன்னதோடு சரி. எதையும் அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஒரு பாலத்தில் நின்றார்.

“வாய்க்கரிசி போடறப்ப மாமா வீடியோ கால் போட்டு, போன அம்மா மொகத்தாண்ட புடிச்சாரு சார். நானும் ஓட்டல் அரிசிய எடுத்து ஸ்க்ரீன் மேல, அம்மா வாயில போட்டேன். வெரலு பட்டு போன் கட்டாயிடுச்சி. திரும்ப போன் போட்டா, அதுக்குள்ள அம்மாவ தூக்கிட்டாங்க.”

போனைத் துடைத்தார். கண்ணாடிக்கும் உறைக்கும் நடுவே ஓர் அரிசி சிக்கியிருந்தது. அதில் படாமல் சுற்றித் துடைத்தார்.

“கட்டாவறதுக்கு முன்னாடியே வுழுந்திருக்கும் இல்ல சார்?”

நான் தண்ணீரைப் பார்த்தேன். அவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வேலைக்கு நேரமாச்சு என்று போய்விட்டார்.

‘விழுந்திருக்கும்’ என்று ஒரு வார்த்தை. ஊர் திரும்பி இத்தனை நாளாகியும் அது என் வாயிலேயே கிடக்கிறது.