சிநேகிதருக்காகக் கலந்த சென்ற்

மை ஒற்றும் தாளில் விரலளவுக்கு நறுக்கிய ஒரு துண்டு. அதன் நுனி நனைந்திருந்தது. இவர் அதை என் மூக்குக்குக் கீழே பிடித்துக்கொண்டு, "என்ன மணக்குதெண்டு சொல்லும்" என்றார். நான் குசினியில் கணவாய் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். அதன் மையில் இரண்டு கையும் கறுப்பு. கைகளை விரித்துப் பிடித்தபடி குனிந்து மணந்தேன். "நல்லாயிருக்கு" என்றேன். இவர் தாளை எடுக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். நான் மறுபடி கணவாயில் கை வைத்த பிறகுதான் போனார்.

இவர் என்று நான் சொல்வது என் கணவரை. பதினான்கு வயதில் எங்கள் தீவுக் கிராமமான சரவணையிலிருந்து தென்னிலங்கைக்குக் கடைவேலைக்குப் போனவர். பிறகு அங்கேயே சொந்தமாக ஊதுபத்தி, கற்பூரம், சென்ற் விற்கும் கடை வைத்தார். கலியாணத்துக்கு இன்ன வாசனை வேண்டும் என்று ஆட்கள் வந்து கேட்டால், எண்ணெய்களைக் கலந்து அந்த ஆளுக்கென்றே ஒன்று செய்து கொடுப்பார். வருடத்தில் இரண்டு தரம் ஊருக்கு வருவார். பொங்கலுக்கு ஒருமுறை, கோயில் திருவிழாவுக்கு ஒருமுறை. செத்தவீடு ஒன்றுக்கும் வந்து சேர்ந்ததில்லை. தந்தி போய், ரயில் பிடித்து, பஸ் மாறி வந்து இறங்க, இங்கே எல்லாம் முடிந்திருக்கும். பெற்ற தாயின் முகத்தைக்கூடக் கடைசியாகப் பார்க்கவில்லை. குறையாகச் சொல்லவில்லை, தெற்கே கடை வைத்த தீவாருக்கெல்லாம் அதுதான் நடந்தது.

எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் கடை எரிந்தது. கற்பூரமும் எண்ணெயும் நிறைந்த கடை எப்படி எரிந்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. எண்ணெய்ப் பெட்டியை எடுக்க இவர் உள்ளே ஓடியிருக்கிறார். அந்தப் புகையை வயிறு முட்டக் குடித்துவிட்டு, ஏழு சின்னப் போத்தல்கள் இருந்த ஒரு தகரப் பெட்டியோடு கப்பலேறி வந்து சேர்ந்தார். செய்தி வந்தபோது நான் அழவில்லை. ஆள் வந்து நின்றபோதும் அழவில்லை. உலையில் அரிசி போட்டேன். வந்து நாலாம் நாள் மீன்குழம்பு அடிப்பிடித்து வீடெல்லாம் தீய்ந்த நாற்றம். குசினி வாசற்படியில் இருந்த மனிதர் அசையவில்லை. நான் கிணற்றடியிலிருந்து ஓடிவந்து சட்டியை இறக்கினேன். "எனக்கு ஒண்டும் மணக்கேல்லை. ஒருத்தருக்கும் சொல்லாதையும்" என்றார். சொல்லவில்லை. அதற்குப் பிறகு மாதக்கணக்கில் இவரும் என்னோடு அதிகம் பேசவில்லை.

இவருக்கு ஊரில் இரண்டு சிநேகிதர்கள் இருந்தார்கள். ஒருவர் நாரந்தனைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த பாட்டு மாஸ்டர். மற்றவர் தபாலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு மிருதங்கம் வாசிக்கும் தபாற்கந்தோர் அண்ணை. மூவரும் சின்ன வயதுக் கூட்டாளிகள். இவர் ஊரில் நிற்கும் வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் எங்கள் வீட்டு முன் அறையில் பாயை விரித்துவிடுவார்கள். இவருக்குப் பாடவும் வராது, தாளமும் நிற்காது. தொடையில் தட்டத் தொடங்கினால் அண்ணை மிருதங்கத்தை நிறுத்திவிட்டு, "ஐயா, கையைக் கொஞ்சம் மடியிலை வையும், என்ரை பிழைப்பைக் கெடுக்காதையும்" என்பார். இவர் சிரித்துக்கொண்டு கையை மடியில் வைப்பார். கடை எரிந்து ஊருக்கு வந்த பிறகு சிரிப்பு இல்லை, கை மட்டும் மடியிலேயே கிடந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, பாட்டு முடிந்து அவர்கள் போன பிறகு, இவர் தானாகப் பேசினார். "மாஸ்டர் பாடேக்கை எனக்கு வெட்டிவேர் மணக்கும். இப்பவும் மணந்தது மாதிரிக் கிடக்கு" என்றார். நயினாதீவு அம்மன் கோயில் திருவிழாவில் அவர்கள் இருவரும் கச்சேரி செய்ய ஒழுங்காகியிருந்தது. அன்றைக்கு அவர்கள் பூசிக்கொண்டு போக, அவர்களுடைய பாட்டையே ஒரு சென்ற்றாகச் செய்து தரப்போவதாகச் சொன்னார். தகரப் பெட்டி திறந்தது. மாஸ்டருக்கு வெட்டிவேரும், பாடத் தொடங்குமுன் அவர் கடைவாய்க் கொடுப்பில் அடக்கிக்கொள்ளும் கிராம்பும். அண்ணைக்கு எதைப் போடுவது என்று ஒரு கிழமை யோசித்தார். மிருதங்கத்தின் இடப்பக்கத்தில் ஒட்டும் நனைந்த ரவையின் புளித்த மணமும் தோலின் மணமும் வரவேண்டுமாம். கடற்கரைத் தாழம்பூவை எண்ணெயில் ஊறப்போட்டார். துளிகளைப் பழைய கணக்கின்படி எண்ணி எண்ணி விட்டார். பிழைப்பு இன்னும் கையில் இருக்கிறதா என்று பார்க்கிறார் என்பது எனக்கு விளங்கியது. அது சரிவந்தால் ஊரிலேயே ஒரு சின்னக் கடை போடலாம் என்றும் ஒருநாள் சொன்னார். எல்லாவற்றையும் கரைக்க ஸ்பிரிட்டு வேண்டும். அது இங்கே கிடைக்காது. ஊர்காவற்றுறைக்குப் போய் ஒரு கடையில் ஓடிகொலோன் வாங்கிவந்து அதில் கரைத்துவிட்டார்.

தீவில் ஓடிகொலோன் எதற்கு வாங்குவார்கள் என்று ஒரு சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். பிணத்துக்குத் தெளிக்க. கூடத்தில் கிடத்திய ஆளின் தலைமாட்டில் ஒரு போத்தல் இருக்கும், நேரம் போகப் போகத் தெளிப்பார்கள். இவருக்கு அது தெரியாது. தெற்கே அதைச் சட்டைப்பைக் கைலேஞ்சியில் விட்டுக்கொண்டு கந்தோருக்குப் போவார்கள். குசினியில் அந்தத் தாளை மணந்தபோது வெட்டிவேரும் கிராம்பும் எங்கோ தூரத்தில் கிடந்தன. முன்னால் நின்றது செத்தவீடு. மாதக்கணக்கில் வாய் திறக்காத மனிதர் ஒரு கேள்வி கேட்டுக்கொண்டு நிற்கிறார். பாவமாக இருந்தது. அலுப்பாகவும் இருந்தது. உண்மையைச் சொன்னால் அதற்குப் பிறகு எவ்வளவோ பேச வேண்டியிருக்கும். "நல்லாயிருக்கு" என்றால் கணவாயை வெட்டி முடிக்கலாம்.

திருவிழா அன்று நாலு பேரும் லோஞ்சுப் படகில் போனோம். சிநேகிதர்களின் மணிக்கட்டிலும் கழுத்திலும் இவரே பூசிவிட்டார். மாஸ்டர் என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்து, "அருமை" என்றார். அண்ணை இருமினார். லோஞ்சில் இவர் முன்பக்கம் காற்றுக்கு நின்றார். எங்களுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு மனுசி சேலையை ஒதுக்கிக்கொண்டு, "ஆரின்ரை செத்தவீடு, தம்பி? தீட்டுத் துடக்கோடையே அம்மனிட்டைப் போறியள்?" என்று கேட்டாள். அண்ணைக்கு முகம் வெளிறிவிட்டது. "அப்பிடி ஒண்டுமில்லை அம்மா, தலையிடிக்குப் பூசினது" என்றார். கரையில் இறங்கியதும் இரண்டு பேரும் ஒரு கிணற்றடியைத் தேடிப்போய் சவர்க்காரம் போட்டுக் கழுவினார்கள். நான் துவாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நனைந்த கழுத்தோடு வந்தவர்களைப் பார்த்து இவர், "என்ன, இப்பவே வேர்த்திட்டுதோ?" என்றார். கச்சேரி நன்றாக நடந்தது. திரும்பி வரும்போது, "சனம் மணத்தைப் பற்றி என்ன சொன்னது?" என்று கேட்டார். "விசாரிச்சவை" என்றார் அண்ணை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தோம். ஒருநாள் இரண்டுநாள் இல்லை, இரண்டு வருடம். இவர் மேலும் ஆறு போத்தல் செய்தார். ஒவ்வொரு வெள்ளியும் அவர்கள் இவருக்கு முன்னால் பூசிக்கொண்டு, பிணம் இல்லாத செத்தவீட்டில் உட்கார்ந்து பாடினார்கள். வெளியில் கடை போடும் பேச்சு வந்தபோதெல்லாம் மாஸ்டர், "இது எங்களுக்கு மட்டும் இருக்கட்டும்" என்று தட்டிக்கழித்தார். அந்த மணத்துக்கு ஆரம்பத்தில் நான் எழுந்து குசினிக்குப் போய்விடுவேன். பிறகு அது என்னை ஒன்றும் செய்யவில்லை. மரத்துப்போய்விட்டது என்றுதான் சொல்ல வேண்டும். ஊர்ச் செத்தவீடுகளுக்கு நான்தான் போனேன். இவர் எட்டாம் நாள் செய்யும் எட்டுச் செலவுக்குத்தான் தலைகாட்டுவார், வழக்கம் அப்படியே நின்றுவிட்டது.

ஒருநாள் தபாற்கந்தோர் அண்ணைக்குக் கந்தோரிலேயே நெஞ்சு நோ வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் முடிந்துவிட்டது. இவர் முதல் ஆளாகப் போய்ப் பிணத்தின் தலைமாட்டில் நின்றார். நான் பெண்களோடு இருந்தேன். அண்ணையின் மருமகன் ஒரு சப்பைப் போத்தலைத் திறந்து, கட்டிலைச் சுற்றித் தெளித்துக்கொண்டு வந்தார். இவர் அந்தப் போத்தலைப் பார்த்தார். அதன் லேபிளைப் பார்த்தார். பெண்கள் கூட்டத்துக்குள் என்னைத் தேடிப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

இவர் சுடலையிலிருந்து வந்து கிணற்றடியில் நின்றார். நான் மாற்றிக் கட்டச் சாரத்தைக் கொண்டுபோனேன்.

"நான் ஊர்காவற்றுறையிலை வாங்கினதும் அதுதான்."

"ஓம்."

"உமக்கு முதல் நாளே தெரியும்."

"ஓம்."

"அவனுக்கு?"

"எல்லாருக்கும் தெரியும்."

இரண்டு வாளி தண்ணீரைத் தலையில் ஊற்றினார். மூன்றாவது வாளியைக் கிணற்றுக் கட்டின்மேல் வைத்துவிட்டுச் சொன்னார்: "நல்லாயிருக்கோ எண்டு நான் கேக்கேல்லை. என்ன மணக்குதெண்டுதான் கேட்டனான். செத்தவீடு மணக்குதெண்டு சொல்லியிருந்தா, அதை ஊத்திப்போட்டு வேறை ஒண்டிலை கரைச்சிருப்பன். என்ரை மூக்குப் போனா என்ன, உம்மடை மூக்கு இருந்துதுதானே."

குரலில் கோபம் இருக்கவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் இரண்டு சொல் சொல்லியிருப்பேன். மிஞ்சிய போத்தல்களைக் கிணற்றடி வாழைக்கு ஊற்றினார். தகரப் பெட்டியை அதற்குப் பிறகு திறக்கவில்லை. மாஸ்டர் சில வெள்ளிக்கிழமைகளுக்கு வந்தார், பிறகு வரவில்லை.

இவர் போய்க் கனகாலம். நான் இப்போது கொழும்பில் மகள் வீட்டில் இருக்கிறேன். போன மாதம் பேத்தி கையை நீட்டி, புதுச் சென்ற் எப்படி என்று கேட்டாள். நனைந்த நாய் மணக்குது என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அண்ணையின் செத்தவீட்டுக்கு அடுத்த கிழமை, ஒருநாள் காலை, பால் பழுதோ என்று இவருக்கு ஒரு சந்தேகம். நான் அடுப்படியில், மூன்று அடி தள்ளி நின்றேன். கையை நீட்டினால் பால் செம்பை வாங்கி மணந்து பார்க்கலாம். இவர் என்னைக் கடந்து, செம்பைத் தூக்கிக்கொண்டு வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து பக்கத்து வீட்டுக்குப் போனார். அந்த வீட்டுப் பெட்டையின் குரல் எனக்குக் கேட்டது. "பழுதாப் போச்சு மாமா, ஊத்துங்கோ" என்றாள்.