பையிலிருந்து பைக்குப் போன குடை

அறுபதுகளின் நடுவில், பதினோராம் வகுப்பு இறுதித் தேர்வில் நான் கணக்கில் தோற்றபோது, மாட்டுங்காவில் குடியிருந்தோம். எங்களைப் போன்ற குடும்பங்களில் பிள்ளை பிறந்தால் ஜாதகம் எழுதுவார்கள். பரீட்சையில் தோற்றால் டைப்பிங் வகுப்பில் சேர்ப்பார்கள். இரண்டையும் பிள்ளையைக் கேட்டுச் செய்வதில்லை. நானும் மூன்று வாரம் போனேன். ஆயுள் முழுக்க இன்னொருவர் சொல்வதை அடித்துக்கொண்டிருக்கப் போகிறோம் என்ற எண்ணமே கசந்தது. அக்டோபரில் மறுபடி எழுதுகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன்.

"இதுதான் கடைசி. இல்லேன்னா மெஷின்தான்" என்றார்.

மறுதேர்வுப் படிவம் வாங்கும் வரிசையில்தான் அவனைப் பார்த்தேன். எங்கள் பள்ளியிலேயே தமிழ்ப் பிரிவில் படித்தவன். அவன் வாப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தாராவியில் தோல் பட்டறை வைத்திருந்தார். கணக்கில் புலி, ஆங்கிலத்தில் தோல்வி. எந்தக் கட்டத்தில் எதை எழுதுவது என்று தெரியாமல் விழித்தவனுக்கு நான் நிரப்பிக் கொடுத்தேன். படிவங்களில் எனக்கு அந்த வயதிலேயே தேர்ச்சி உண்டு. மார்ச் விடைத்தாளை மறுபடி கூட்டிப் பார்க்க மனுப் போட்டு, 'மாற்றம் இல்லை' என்று வந்த பதிலையும் முறைப்படி கோப்பில் வைத்திருந்தேன்.

"நீ எனக்கு இங்கிலீசு சொல்லிக் குடு. நான் ஒனக்குக் கணக்கு சொல்லுதேன்" என்றான்.

வாப்பாவின் பட்டறைக்குப் போகப் பிடிக்கவில்லை என்றான். ஏன், நாற்றமா என்று கேட்டேன்.

"நாத்தம் பழகிரும்ல. தோல வெட்டும்போது எம் மனசு அங்க நிக்க மாட்டேங்கு. போன மாசம் ரெண்டு நல்ல தோலப் பாழாக்கிட்டேன். வாப்பா ஒண்ணும் சொல்லல. அதான் பயமா இருக்கு."

அவனுக்கும் அக்டோபர்தான் எல்லை. தவறினால் பட்டறை.

சாயங்காலங்களில் பைவ் கார்டன் பூங்காவில் ஒரு பெஞ்சைப் பிடித்துக்கொண்டோம். முதல் நாள் ஒரு தேற்றம் சொல்லச் சொன்னான். இரண்டு பக்கம் சமமான முக்கோணத்தில் இரண்டு கோணமும் சமம் என்பது. ஏபிசி என்று ஆரம்பித்து, ஒரு காற்புள்ளி விடாமல் ஒப்பித்தேன். அவன் சட்டைப் பையிலிருந்து பட்டறைக் கழிவில் வெட்டிய ஒரு தோல் முக்கோணத்தை எடுத்து, முனை கீழே இருக்கும்படி என் கையில் வைத்தான். மூலைகளுக்கு பி, க்யூ, ஆர் என்று பெயர் சொன்னான்.

"இப்ப சொல்லு."

நான் கழுத்தைச் சாய்த்துப் பார்த்தேன். நாயோடு உலாவ வந்த பார்சிப் பெரியவர் ஒருவர் நின்று என்னைப் பார்த்தார்.

"கழுத்தத் திருப்பாதல. தோலத் திருப்பு. நீ கணக்குப் படிக்கல, எழுத்த மனப்பாடம் பண்ணியிருக்க."

மார்ச்சில் படத்தின் எழுத்துகளை மாற்றித்தான் கேட்டிருந்தார்கள். 'மாற்றம் இல்லை' என்ற பதிலின் நியாயம் அன்றைக்குத்தான் விளங்கியது.

அவன் அந்தத் தோலை நடுவில் மடித்துக் காட்டுவான். "ரெண்டு மூலையும் ஒண்ணு மேல ஒண்ணு உக்காருதா? மொதல்ல அத நம்பு. பொறவு எழுது." தனக்குப் பிடிக்காத பட்டறையின் கழிவிலிருந்து தனக்குப் பிடித்த பாடத்தைச் செதுக்கி எடுத்த இன்னொருவனை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

பதிலுக்கு நான் செய்தது என்ன தெரியுமா? நல்ல ஆங்கிலத்தில் பன்னிரண்டு கட்டுரைகள் எழுதிக் கொடுத்து உருப்போடச் சொன்னேன். பாதிக்கு அர்த்தம் தெரியவில்லை என்றான். பரவாயில்லை, எழுதினால் போதும் என்றேன். என்னை நம்பி உருப்போட்டான்.

தேர்வில் எனக்கு முக்கோணம் தலைகீழாகவே வந்தது. வினாத்தாளைத் திருப்பி வைத்தேன். மேற்பார்வையாளர் சந்தேகத்தோடு வந்து "காய் ரே?", என்னடா, என்று மராத்தியில் அதட்டினார். தோல் ஞாபகத்தில் மடிந்தது, எழுதிவிட்டேன். பாஸ்.

அவன் தோற்றான். நான் கொடுத்த கட்டுரைகளில் இருந்தது ஒரு நாணயத்தின் சுயசரிதை. தேர்வில் கேட்டது குடையின் சுயசரிதை. நாணயம் என்று இருந்த இடத்திலெல்லாம் குடை என்று போட்டுவிட்டான். ஆக, அந்தக் குடை நாணயச் சாலையில் பிறந்து, பையிலிருந்து பைக்குப் போய், கடைசியில் கோயில் உண்டியலில் விழுந்து மோட்சம் அடைந்தது.

"உண்டியலுக்குள்ள குடை எப்படில நுழைஞ்சிருக்கும்?" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். பிறகு, "திங்கக்கிழமை பட்டறைக்குப் போவணும்" என்றான். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

அந்தத் திங்கட்கிழமை நானும் தாராவிக்குப் போனேன். அவன் வாப்பா தோல் அடுக்குகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"நீங்கதான் இங்கிலீசு சொல்லிக்குடுத்த தம்பியா?" என்று மரியாதையாகவே கேட்டார். அதைவிட ஒரு அறை கொடுத்திருக்கலாம்.

"ஆமாம் பாய். அவன் சரியாப் படிச்சான். நான் சொல்லிக் கொடுத்ததுதான் தப்பு. மார்ச் வரைக்கும் விடுங்க."

அவர் மகனைப் பார்த்தார். அவன் கையிலிருந்த தோல் கோணலாக வெட்டுப்பட்டிருந்தது. அதையும் பார்த்தார்.

"காலையில பட்டறை. சாயங்காலம் ஒங்க தோட்டம். மார்ச் வரைக்கும்தான்."

இந்த முறை கட்டுரை இல்லை. பெஞ்சிலிருந்து கண்ணில் படுவதை அவனே பத்து வாக்கியம் எழுத வேண்டும். பார்சிப் பெரியவரின் நாய் குரைத்தது, தூங்கியது, எங்களை வெறுத்தது, எல்லாவற்றையும் எழுதினான். காலை முழுதும் பட்டறையில் நின்றுவிட்டு, கை கழுவியும் போகாத தோல் வாசனையோடு வந்து, ஒரு நாள்கூடத் தவறாமல் எழுதினான். முதலில் தப்பும் தவறும், ஆனால் அவனுடையது. மார்ச்சில் தேறினான். பிறகு கணக்கிலேயே பட்டம் வாங்கினான். நான் பிறருடைய படிவங்களில் பிழை கண்டுபிடிக்கும் உத்தியோகத்துக்குப் போய், அதிலேயே ஓய்வும் பெற்றேன்.

இன்றும் ஒரு விஷயம் நன்றாகப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தோன்றினால், தாளை ஒரு தடவை தலைகீழாகத் திருப்பிப் பார்க்கிறேன். பாதி நாள், உண்டியலுக்குள் குடையைத்தான் நுழைத்துக்கொண்டிருக்கிறேன் என்று தெரிகிறது.