என் பேரில் இருந்த வள்ளம்

ஓர்ஸ் ஹில்லில் நாங்கள் இப்போது இருக்கிற வாடகை வீட்டின் பின்மதிலுக்கு அந்தப் பக்கம் ஒருவர் புதிதாகக் கடை போட்டிருக்கிறார். விபத்தில் உடைந்த ஓட்டோக்களின் முன்பக்கத்தை ஒட்டிச் சரிப்படுத்திக் கொடுக்கிற கடை. நல்ல மனிதர். வந்த அன்றே ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வாசலில் நின்று, கொஞ்சம் மணம் வரும், குறை நினைக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். மணம் என்றால் ரெசின் மணம். பைபர் என்கிற கண்ணாடியிழைத் துணிக்குப் பூசுகிற, தேன்மாதிரித் தடித்த அந்தப் பசை முதலில் மூக்கில் இனிப்பாக ஏறும், பிறகு தொண்டையில் போய்க் கசக்கும். மனைவி ஜன்னலைச் சாத்திவிடுவாள். எனக்கு அது உதவாது. அந்த மணம் வந்தால் என் கைகள் இரண்டும் முழங்கைக்குக் கீழே அரிப்பெடுத்துக் கடிக்கத் தொடங்கிவிடும். டொக்டர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் தோலில் ஒன்றுமில்லை என்றார். நானும் சொறிந்துகொண்டே ஓம் என்றேன்.

பைபர் கடி என்றால் என்னவென்று தெரியாதவர் கொடுத்துவைத்தவர். பழைய வள்ளத்தைத் தேய்க்கும்போது கண்ணாடித் தூள் பறக்கும். வியர்த்த தோலில் அது இறங்கிவிட்டால் அன்றைய நித்திரை போச்சு. சுடுதண்ணீரில் குளித்தால் இன்னும் மோசம். வேலைக்கு இறங்குமுன் உடம்பெல்லாம் குழந்தைப் பவுடரை அப்பிக்கொண்டால் கொஞ்சம் தப்பலாம் என்று யாரோ சொல்ல, நான் மாதக்கணக்கில் அப்பினேன். அப்போது உட்துறைமுகப் பக்கம் வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிற கடை ஒன்றில் எனக்கு வேலை. கிறீசும் எண்ணெயுமாக இருக்கிற அந்த இடத்துக்குள் நான் நுழைந்ததும் முதலாளி தலையை நிமிர்த்தாமலே, "என்ன தம்பி, இண்டைக்கும் பிறந்த பிள்ளை மாதிரி மணக்கிறீர்" என்பார்.

வீடு பாலையூற்றில். அப்பா நோயில் போய்விட்டார். அம்மா, றீற்றா அக்கா, அக்காவின் புருசன் தாசன் அத்தான், அவர்களுடைய நடக்கப் பழகியிருந்த மகள் ஷெரின், நான். அத்தான் மற்றவர்களுடைய வள்ளங்களில் தொழிலுக்குப் போய்வருவார். அதிகம் கதைக்கமாட்டார், ஆனால் நன்றாகச் சீட்டியடிப்பார். மாதத்தில் ஒரு ஞாயிறு பின்வளவில் கதிரையைப் போட்டு, அம்மாவின் பழைய சீலையை என் கழுத்தைச் சுற்றிக் கட்டி, எனக்குத் தலைமயிர் வெட்டிவிடுவார். சலூனுக்குப் போக வசதியில்லாமல் இல்லை. அந்தக் கை தலையில் படுவது எனக்குப் பிடித்திருந்தது. அண்ணன் இருந்தால் இப்படித்தான் இருப்பான் என்று நினைத்துக்கொள்வேன்.

சொந்தமாக வள்ளம் போடவேண்டும் என்ற கதை வந்தபோது நான் புதுசுதான் கேட்டேன். அந்த நாட்களில் தவணைக்குப் புதிய வள்ளம் எடுக்கலாம், எங்கள் தெருவிலேயே எடுத்திருந்தார்கள். நான் நிறம்கூட முடிவு செய்துவிட்டேன், நீலம். அத்தானோ என்னை மூதூருக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு நெல் ஸ்டோருக்குப் பின்னால் ஒரு பைபர் வள்ளம் கவிழ்ந்து கிடந்தது. அதற்குக் கீழே கோழிகள் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. சொந்தக்காரர் எங்களைக் கொஞ்சம் நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே தவழ்ந்துபோய் முட்டைகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தார். பிறகுதான் வியாபாரம்.

நான் காசுக்குற்றியால் தட்டிப் பார்த்தேன். உறுதியான பைபர் 'டங்' என்னும், உள்ளே உக்கினது 'பொத்' என்னும். அது முன்பக்க அணியத்திலிருந்து பின்பக்கம் எஞ்சின் பூட்டுகிற பலகைவரை பொத் பொத் என்றுதான் பதில் சொன்னது. அத்தானிடம் சொன்னேன்.

"பழசுதான் தம்பி நல்லது" என்றார். "அப்ப கனமா ஊத்தியிருப்பாங்கள். புதுசை வாங்கினா ஊரே வந்து சுத்திப் பாக்கும். இதை ஆர் பாக்கப்போறான்?"

நான் சிரித்தேன். கூடவே அந்தச் சொந்தக்காரரும் சிரித்தார்.

லொறியில் ஏற்றிக் கொண்டுவந்து எங்கள் பின்வளவில் படங்கு கட்டி நிழல் செய்து போட்டோம். எங்கள் இருவருக்கும் பைபர் வேலை தெரியாது. முதல் நாள் ரெசினுக்குள் இறுகுமருந்தைக் கூடுதலாக ஊற்றிவிட்டேன். வாளி கையில் சுட்டது, பிறகு புகைந்தது, கடைசியில் தூரிகையும் வாளியும் ஒன்றாக இறுகிக் கல்லாகிவிட்டன. அம்மா அதைக் கனகாலம் குசினிக் கதவுக்கு முட்டாக வைத்திருந்தா. எஞ்சின் பலகையை உடைத்தபோது உள்ளே இருந்த மரம் தேத்தண்ணியில் ஊறின ரஸ்க் மாதிரிக் கையோடு வந்தது. வள்ளம் குடித்திருந்த தண்ணீரெல்லாம் காய ஒரு வெயில்காலம் முழுக்கப் போனது. அதற்குள் தேய்த்த தூள் கொடியில் காய்ந்த உடுப்புகளில் படிந்து, பூசை நடக்கும்போது மாதா கோயிலில் எங்கள் குடும்பம் மட்டும் வரிசையாகச் சொறிந்துகொண்டு நின்றது. சுவாமியாருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

உண்மையைச் சொன்னால் என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோசமாக இருந்த காலம் வேறில்லை. கடைவேலை முடிந்து ஓடிவருவேன். அத்தான் துணியை வெட்டி விரிப்பார், நான் ரெசினைப் பூசி, உருளையை உருட்டி, காற்றுக் குமிழிகளை ஓரத்துக்குத் தள்ளித் தள்ளி வெளியே எடுப்பேன். ஒரு குமிழி நின்றாலும் பின்னொரு நாள் அதில் தண்ணீர் பிடிக்கும். அத்தான் சில மாற்றங்கள் கேட்டார். பக்கங்களை ஒரு சாண் உயர்த்தவேண்டும், அலை உள்ளே விழக்கூடாது என்றார். நடுவில் பெரிய பெட்டி ஒன்று வேண்டும் என்றார். காலையில் போய் மத்தியானம் திரும்புகிற வள்ளத்துக்கு ஏன் அவ்வளவு பெரிய ஐஸ் பெட்டி என்று கேட்டேன். இனித் தூரம் போய்ச் சூரை பிடிக்கவேண்டும், மீன் கெடக்கூடாது என்றார். அடிப்பக்கத்துக்கு இரண்டு அடுக்குத் துணி போடச் சொன்னார். நான் மூன்று போட்டேன்.

பதிவு செய்யப் போன அன்று கந்தோர் வாசலில் வைத்து அத்தான் என் தோளில் கை போட்டார்.

"உன்ர பேரிலேயே இருக்கட்டும். நீதானே பாடுபட்டனீ."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னபோது அம்மா அழுதா. அக்கா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்கும் கண் கலங்கியிருக்கும், அதுதான் காட்டாமல் இருக்கிறாள் என்று நான் விளங்கிக்கொண்டேன்.

வள்ளத்துக்கு நீலம்தான் அடித்தோம். கொஞ்ச நாள் இருவரும் அதில் தொழிலுக்குப் போனோம். குடா வாயைத் தாண்டி அலை எழும்பும்போது மற்ற வள்ளங்கள் முனகும். எங்களுடையது சத்தமில்லாமல் ஏறி இறங்கும். நான் அதன் பக்கத்தைத் தடவிக்கொண்டிருப்பதைப் பார்த்து அத்தான் சீட்டியடிப்பார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோயிலால் வரும் வழியில் கரைப் பக்கம் எட்டிப்பார்த்தேன், வள்ளம் இல்லை. ஞாயிறில் நாங்கள் தொழிலுக்குப் போவதில்லை. சரி, யாருக்கோ உதவிக்குப் போயிருப்பார் என்று வீட்டுக்கு வந்து சாப்பிட இருந்தேன். அக்கா அம்மாவுக்குப் போட்டாள், எனக்குப் போட்டாள், ஷெரினுக்குப் பிசைந்து ஊட்டினாள். எப்போதும் அத்தானுக்கு ஒரு கோப்பையில் சோறு போட்டு, மேலே இன்னொரு கோப்பையைக் கவிழ்த்து மூடிவைப்பாள். அவர் வர எவ்வளவு பிந்தினாலும் அது மேசையில் இருக்கும். அன்றைக்கு மேசையில் அது இல்லை. சட்டியைச் சுரண்டி மிச்சத்தைத் தனக்குப் போட்டுக்கொண்டாள்.

"அத்தானுக்கு எடுத்து வைக்கேல்லையா?" என்று கேட்டேன்.

"அவர் வரமாட்டார், தம்பி."

அம்மா சோற்றில் வைத்த கையோடு இருந்தா. நான் எங்கே என்று கேட்டேன். வெளிக்கடலில் பெரிய படகொன்று நின்றது, ஆட்களை நம் வள்ளத்தில் அதுக்குக் கொண்டுபோய் ஏற்றிவிட்டுக் கடைசியில் அவரும் ஏறியிருப்பார், அவுஸ்திரேலியாவுக்கு என்று அக்கா ஷெரினின் வாயைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். எப்போதிருந்து உனக்குத் தெரியும் என்று கேட்டேன்.

"வள்ளம் தேடத் தொடங்கேக்கையே தெரியும்."

அப்போதுதான் ஒவ்வொன்றாக விளங்கியது. யாரும் திரும்பிப் பார்க்காத பழைய வள்ளம். அலை உள்ளே வராத உயரம். பெட்டி ஐஸுக்கு அல்ல, பயணத்துக்கான தண்ணீர்க் கான்களுக்கும் பிஸ்கட்டுக்கும். ஆட்களைச் சுமக்கத்தான் கனமான அடி. பிடிபட்டால் கேட்கிற பேர் என்னுடையது.

அவர்கள் விட்டுவிட்டுப் போன வள்ளம் மிதந்து திரிந்து கடற்படையிடம் அகப்பட்டது. என்னைக் கூப்பிட்டார்கள். உள்ளே வாந்தி மணத்தோடு ஒரு பால்போத்தல் மூடியும் கிடந்ததாகச் சொன்னார்கள். அந்தப் பெட்டி எதுக்கு என்று விசாரித்த அதிகாரி கேட்டார். ஐஸுக்கு என்றேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அவரைக் குறை சொல்லேலாது. தன் கையாலேயே ஒரு வள்ளத்தை அடியிலிருந்து கட்டினவனுக்கு அது எதுக்கென்று தெரியாது என்றால் யார் நம்புவான்? நான் ஒரு மடையன் என்று நிரூபிப்பது ஒன்றுதான் எனக்கிருந்த வழி. அதையும் என்னால் ஒழுங்காகச் செய்ய முடியவில்லை. சில காலம் உள்ளே இருந்தேன், பிறகு நீதிமன்றப் படி ஏறி இறங்கினேன். கடை முதலாளி வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்துவிட்டு, கடைக்கு அடிக்கடி ஆட்கள் விசாரிக்க வருகினம், இனி வேலைக்கு வரவேண்டாம், குறை நினைக்கக்கூடாது என்று சொல்லிப்போனார். வழக்கு ஒருவழியாக முடிந்தது. வள்ளம் திரும்பவில்லை. கடற்படையின் கம்பிவேலிக்குப் பின்னால், பிடிபட்ட மற்ற வள்ளங்களோடு அது வெளிறிக் கிடப்பதை பஸ்ஸில் போகும்போது பார்ப்பேன். ஒருநாள் அங்கே அது இல்லை.

இவ்வளவுக்கும் நானும் அக்காவும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். அவள் சோறு போட்டாள், நான் சாப்பிட்டேன். அத்தானை வெறுப்பது சுலபமாக இருந்தது. அவர் தூரத்தில் இருந்தார். அக்காவை எப்படி வெறுப்பது? காய்ச்சல் வந்தால் நெற்றியில் கை வைக்கிறவள். சில வருசத்துக்குப் பிறகு அத்தான் அங்கே நிலைத்து அவளையும் ஷெரினையும் விமானத்தில் கூப்பிட்டுக்கொண்டார். விமான நிலையத்துக்குப் போக வான் வாசலில் வந்து நின்ற பிறகு அவள் திரும்ப வந்து என் முன்னால் நின்றாள்.

"சொல்லியிருந்தா நீ அந்த வள்ளத்தை அவ்வளவு வடிவாச் செய்திருக்க மாட்டாய்" என்றாள். "பயத்திலை எங்கையாவது ஒரு குறை விட்டிருப்பாய். அவர்ர உயிர் அதிலையெல்லோ இருந்தது."

அவள் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம்.

நத்தார் பண்டிகைக்கு அத்தான் தொலைபேசி எடுப்பார். அங்கே குளிரா வெயிலா என்று நான் கேட்பேன், இங்கே மழையா என்று அவர் கேட்பார். வள்ளம் என்ன ஆனதென்று ஒருநாளும் கேட்டதில்லை. அம்மா போன பிறகு பாலையூற்று வளவை விற்றுவிட்டோம். பின்வளவு இருந்த இடத்தில் இப்போது ஒருவர் மாடிவீடு கட்டி முடித்துவிட்டார்.

இந்த விடுமுறைக்கு ஷெரின் வந்திருந்தாள். வளர்ந்த பெண்ணாகிவிட்டாள், என்னைவிட உயரம். அப்பா புறப்பட்ட கரையைக் காட்டச் சொன்னாள். கூட்டிப்போனேன். காட்ட ஒன்றுமில்லை. மீனவர் வாடிகளை அகற்றி, உட்காரச் சீமெந்து வாங்குகளும் நடைபாதையும் போட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் பட்டம் விட்டார்கள். அவள் ஒரு வாங்கில் உட்கார்ந்து கடலைப் பார்த்தாள்.

"அப்பா ஒரு உக்கின வள்ளத்தை வாங்கித் தனிய நிண்டு கட்டினவராம்" என்றாள். "ஒருத்தற்ற உதவியும் இல்லையாம். தெரியுமோ மாமா?"

அந்த வீட்டில் இந்தக் கதை எத்தனை தரம் சொல்லப்பட்டிருக்கும். அக்கா அப்போதெல்லாம் பக்கத்தில்தானே இருந்திருப்பாள். என்னை மாட்டிவிடக் கூடாதென்று என் பேரைச் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்றும் நினைத்துப் பார்த்தேன். மாட்டிவிட்டு முடிந்த பிறகு அந்தக் கவனம் எதற்கு?

"தெரியும்" என்றேன்.

"நீங்கள் அப்ப எங்கை இருந்தனீங்கள்?"

அவள் முகத்தில் அப்பாவைப் பற்றிய பெருமை அப்படியே இருந்தது. அதில் கை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

"நான் எஞ்சின் கடையிலை வேலை செய்தனான், பிள்ளை" என்றேன்.