ஐந்து எம்.பி., ஒரே பதில்

எங்கள் தொகுதிக்கு இதுவரை ஐந்து எம்.பி.க்கள். ஐவரின் அலுவலகத்திலும் கடிதம் தட்டச்சு செய்தவன் நான் ஒருவன்தான்.

முதலாமவர் மரக்கடைக்காரர். எங்கள் தெரு முனையில் இருந்த பஸ் நிறுத்தத்தைத் தன் கடை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனார். அடுத்தவர் வக்கீல்; சபையில் ஒரே ஒரு முறை வாய் திறந்தார், அதுவும் ஜன்னலைச் சாத்தச் சொல்லி. மூன்றாமவர் டாக்டர், இந்தப் பக்கம் தலைகாட்டியதே ஓட்டுக் கேட்கத்தான். நான்காமவர் மரக்கடைக்காரரின் மாப்பிள்ளை. அவரைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான். சரி, கிண்டல் செய்ய எனக்கு என்ன யோக்கியதை? அவர்களாவது மாறினார்கள். 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது' என்ற என் வரி மாறவே இல்லை. கீழே பெயரை மட்டும் மாற்றிக் கையெழுத்து வாங்கிவிடுவேன்.

அந்த வரி என் மனைவிக்கும் போனது. ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் நாள் முழுக்க நின்றபடி வேலை அவளுக்கு. மூட்டு வலியோடு மரக்கடை வரை நடந்தால்தான் பஸ். நிறுத்தம் பழைய இடத்துக்கு வராவிட்டால் வேலையை விட வேண்டியதுதான். ஒவ்வொரு எம்.பி.க்கும் மனு போட்டாள். பதிலை நானே அடித்து, நானே உறை ஒட்டி, இரண்டு நாள் கழித்துத் தபால்காரரிடம் நானே வாங்கி அவள் கையில் கொடுத்தேன்.

"நீங்க உள்ள போய் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்பாள்.

"சொந்த வீட்டுக்குச் சலுகை கேட்டான்னு பேசுவாங்க."

நேர்மையாம், நேர்மை! எம்.பி. அறைக்குள் நுழைந்தாலே எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதுதான் உண்மை.

ஐந்தாமவர் ஓய்வுபெற்ற டீச்சர். மனு வாங்கும் நாளில், வரிசையில் நொண்டி நொண்டி வந்தவள் என் மனைவி! நான்கு பதில்களையும் மேஜையில் பரப்பினாள். டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"கையெழுத்து நாலு, வரி ஒண்ணு. யாரும்மா இதை எழுதினது?"

தட்டச்சுப் பொறிக்குப் பின்னால் குனிந்துகொண்டேன்.

அவள் என் பக்கமே திரும்பவில்லை. "யாரோ பயந்த மனுஷன்மா. வேலை போயிடப் போகுது, விட்டுடுங்க."

முப்பது வருஷத்தில் முதல் முறையாக, யாரும் கூப்பிடாமல் எழுந்தேன்.

"நான்தான்மா. இவங்க என் சம்சாரம். இவங்களால இனிமே அவ்வளவு தூரம் நடக்க முடியாது. அந்த நிறுத்தத்தைத் திருப்பி வாங்கிக் குடுங்க."

வரிசையே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. "போக்குவரத்து ஆபீசுக்குக் கடிதம் அடிங்க. இன்னைக்கே போகணும்."

அடுத்த மாதம் பஸ் எங்கள் தெரு முனையில் நின்றது. அவள் ஏறினாள். பின்னாலேயே ஏறப்போன என்னைக் கையை நீட்டித் தடுத்தாள்.

"உங்க மனு பரிசீலனையில இருக்கு. மரக்கடையில போய் ஏறுங்க."