அக்காவின் ஆங்கிலம்

பிரிக்பீல்ட்ஸில் நான் மதியம் சாப்பிடும் வாழையிலைக் கடையில், வெளியிலிருந்து "ஃபுட்ஸ்" கொண்டுவரக் கூடாது என்று ஆங்கிலத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அந்த ஒரு "ஸ்" எனக்குச் சோற்றில் கல் கடிப்பது மாதிரி. முதலாளியிடம் சொல்லிப் பார்த்தேன். "சாப்பாடு நல்லா இருக்கா அண்ணே?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். காப்புறுதி அலுவலகத்தில் அடுத்தவர் கடிதங்களைத் திருத்தியே ஓய்வு பெற்றவன் நான். "டிஸ்கஸ் அபவுட்", "ரிட்டர்ன் பேக்" என்று யார் எழுதினாலும் எனக்கு ரத்த அழுத்தம் ஏறும்.

கிள்ளானில் இருக்கும் அக்கா எழுதினால் இன்னும் ஏறும். கூடப் பிறந்தவள் அவள் ஒருத்திதான். அவளுடைய பேரப்பிள்ளைகள் மலாய்ப் பள்ளியில் படித்தவர்கள், தமிழ் வாசிக்க வராது. அதனால் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழு, யாருக்கும் சொந்தமில்லாத ஓர் ஆங்கிலத்தில் நடந்தது. "ஆல்ரெடி" இல்லாமல் அக்கா ஒரு வரி எழுத மாட்டாள். "ஐ ஆல்ரெடி குக், யூ கம் ஈட் லா" என்பாள்; அந்த "லா" இந்த ஊர்ப் பேச்சின் வால். நான் சரியான வாக்கியத்தை எழுதி, முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போட்டு அனுப்புவேன். சாப்பிடப் போனேனா என்பது வேறு விஷயம். சித்தப்பா இறந்த செய்தியைக்கூடத் திருத்திய பிறகுதான் அனுதாபம் எழுதினேன். துக்கத்துக்கும் இலக்கணம் உண்டல்லவா?

கொஞ்ச நாளில் குழுவில் பிழைகள் குறைந்தன. பிறகு செய்திகளே குறைந்தன. காலை வணக்கத்துக்குப் பூப்படம் மட்டும் வந்தது. என் உழைப்பு வீண்போகவில்லை என்று உள்ளூரப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிக் கிள்ளானுக்குப் போனேன். அக்கா வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"ஆப்பரேஷன் முடிஞ்சு ஆஸ்பத்திரியிலதானே இருக்காங்க. உங்களுக்குத் தெரியாதா?"

மருத்துவமனையில் கட்டிலைச் சுற்றிக் குடும்பமே நின்றது. அக்காவுக்குப் பித்தப்பையை எடுத்திருந்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. அதைவிடப் பயம் வந்தது. இவள் போய்ச் சேர்ந்திருந்தாலும் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரர்தான் சொல்லியிருப்பார்.

"ஏன் எனக்குச் சொல்லல?"

"குரூப்புல போட்டோமே," என்றார் அக்காவின் மருமகன்.

"எந்த குரூப்புல?"

அக்கா மருமகனைப் பார்த்தாள். அவர் மேலே சுற்றிய காற்றாடியைப் பார்த்தார்.

"நீ இல்லாத குரூப்பு லா," என்றாள் அக்கா. "வயித்து வலியில துடிக்கிறப்ப உனக்கு கிராமர் பார்த்து எழுத முடியுமாடா?"

"என்னையும் அதுல சேருங்க. இனிமே திருத்தல."

"அது வேணாம். வீட்டுக்குப் போனதும் உனக்குத் தனியா எழுதுறேன்."

சொன்னபடி எழுதினாள். அன்று மதியம் வீடு திரும்பிவிட்டதாகவும், உடல் தேறிவருவதாகவும், நேரில் வந்து பார்த்ததற்கு மனமார்ந்த நன்றி என்றும் ஆங்கிலத்தில் இருந்தது. கால்புள்ளி முதற்கொண்டு எல்லாம் சரி. பேத்தியிடம் கொடுத்துத் திருத்தி வாங்கியிருக்க வேண்டும். அக்கா எனக்கு நன்றி சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. திரும்பத் திரும்ப வாசித்தேன். ஓர் "ஆல்ரெடி"கூட இல்லை. சாப்பிட வா என்றும் இல்லை.