அக்கா சொன்ன காரணம்

அத்தான் தற்கொலை செய்துகொண்டார். நாங்களோ பெசன்ட் நகர் முழுக்க ஹார்ட் அட்டாக் என்றுதான் சொல்லிவைத்திருந்தோம். கணக்கு டீச்சரான அக்கா பள்ளியிலும் அதையே சொன்னாள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும், அத்தானின் அண்ணன் இன்ஷூரன்ஸ் பேச்சை எடுத்தார்.

"அந்தப் பாலிசிய மறந்துடும்மா. தானா போயிட்டா ஒரு பைசா தர மாட்டாங்க. விசாரணைன்னு ஆள் வருவான், ஊருக்கே தெரிஞ்சிடும். பொண்ணுக்கு நாளைக்கு ஒரு கல்யாணம் காட்சின்னு இருக்குல்ல?"

அடுத்த வாரம் அக்கா என்னையும் அழைத்துக்கொண்டு இன்ஷூரன்ஸ் கம்பெனியின் தி. நகர் கிளைக்குப் போனாள்.

அங்கிருந்த பெண் அதிகாரி, "எப்படி இறந்தாரும்மா?" என்று கேட்டார்.

பழக்கதோஷத்தில், "ஹார்ட்..." என்று நான் ஆரம்பித்தேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"தற்கொலை, மேடம். ரொம்ப நாளா மனசு சரியில்லாம டாக்டர்கிட்ட போய்க்கிட்டிருந்தாரு."

பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்த்தார். அக்கா அசையவில்லை.

அதிகாரி கம்ப்யூட்டரில் தேடினார். "பாலிசி எடுத்து ஒரு வருஷத்துக்குள்ள இப்படி ஆனாதாம்மா முழுத்தொகை வராது. அப்பவும் கட்டினதுல பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும். நடுவுல நின்னுபோய்ப் புதுப்பிச்சா, அந்தத் தேதியிலேர்ந்து மறுபடி ஒரு வருஷம். உங்க வீட்டுக்காரர் பல வருஷமா விடாம கட்டியிருக்காரு. உங்களுக்கு முழுசா வரும். போலீஸ் ரிப்போர்ட், போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் கொண்டுவாங்க. காரணத்த மட்டும் மாத்திச் சொல்லிடாதீங்க, அதுதான் சிக்கலாகும்."

"அப்போ இதையும் மத்த சாவு மாதிரிதான் பாக்குறீங்களா?"

"சாவுதானேம்மா" என்றார் அவர், மெதுவாக.

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்ததும் அக்கா அழுதாள். பூசையன்றுகூட அப்படி அழவில்லை. இரண்டு பஸ்களை விட்டுவிட்டோம்.

அன்று மாலை அவள் அத்தானின் அண்ணனுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னாள். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். மறுநாளே அவர் ஸ்டேஷனுக்கு அலைந்து, தேவையான நகல்களை வாங்கிக்கொண்டு வந்தார். காகிதங்களை மேசையில் வைத்தவர் கிளம்பாமல் நின்றார்.

"தூக்கமே வரலண்ணான்னு என்கிட்டயும் சொன்னான்மா. வேலைய மாத்திப் பாருடான்னு அனுப்பிட்டேன்."

"உக்காருங்க பெரியத்தான், சாப்பிட்டுப் போகலாம்" என்றாள் அக்கா.

பணம் சில மாதங்களில் வந்தது, மகளின் படிப்புக்கென்று போட்டுவைத்தாள். அதற்கு முன்பே பள்ளியில் தோழிகளிடம் உண்மையைச் சொல்லிவிட்டாள். அவர்களில் ஒருத்தி மட்டும், தன் தம்பியும் அப்படித்தான் போனான் என்றாளாம்.